'வி ஃபார் வெண்டெட்டா' பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் 5 வந்தால் போதும், மீசை வைத்துச் சிரிக்கும் அந்த வெள்ளை முகமூடி பலருடைய ஸ்டேட்டஸில் வந்து உட்கார்ந்துவிடும். 2006இல் வெளியான படத்திலிருந்து பெரும்பாலானோர் நினைவில் வைத்திருப்பது அந்த முகமூடியையும், வெடித்துச் சிதறும் பிரிட்டிஷ் பார்லிமென்டையும்தான். முகமூடியையே பார்த்துக்கொண்டிருந்தால் படம் சொல்லவந்தது கைநழுவிப் போகும். ஒரு நாட்டு மக்கள் தங்கள் சுதந்திரத்தைத் தாங்களே எப்படிக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் இதன் கதை. முடிவு வரை எல்லாவற்றையும் பேசப்போகிறேன். அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

சர்வாதிகாரி ஆடம் சட்லர் துப்பாக்கி முனையில் ஆட்சியைப் பிடித்தான் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அவன் கட்சி தேர்தலில் ஜெயித்துதான் வந்தது. போலீஸ் அதிகாரி ஃபின்ச் நடத்தும் விசாரணையைக் கவனமாகப் பின்தொடருங்கள். லார்க்ஹில் என்ற தடுப்பு முகாமில் கைதிகளின் உடலில் சோதனை செய்து ஒரு கிருமியை உருவாக்குகிறார்கள். அதைச் சொந்த மக்கள் மீதே பரப்பிவிட்டு, பழியைத் தீவிரவாதிகள் தலையில் போடுகிறார்கள். பயந்துபோன மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். தேர்தல் முடிந்த கையோடு மருந்து கிடைக்கிறது, மருந்து கம்பெனியில் பங்கு வைத்திருந்த கட்சிக்காரர்கள் பணக்காரர்களாகிறார்கள். சண்டைக் காட்சி எப்போது வரும் என்று காத்திருப்பவர்களுக்கு இந்த விசாரணைப் பகுதி இழுவையாகத் தெரியும். படத்தின் முதுகெலும்பே அதுதான்.

அந்த முகமூடி அணிந்த நாயகன்தான் 'வி'. அவன் டிவி நிலையத்தைக் கைப்பற்றிப் பேசும் காட்சியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆட்சியாளர்களை மட்டும் திட்டிவிட்டு அவன் போய்விடுவதில்லை. குற்றவாளி யாரென்று தெரிய வேண்டுமானால் கண்ணாடியில் பாருங்கள் என்று டிவி பார்க்கும் மக்களிடமே சொல்கிறான். கேமரா அப்போது யாரைக் காட்டுகிறது என்று கவனியுங்கள். வீட்டு சோஃபாவில் ஒரு குடும்பம், மதுக்கடையில் சிலர், முதியோர் இல்லத்தில் சிலர். இதே முகங்கள் படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகின்றன. அரசு டிவி பொய் சொல்கிறது என்பது ஒரு கட்டத்தில் அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது, ஆனாலும் யாரும் எழுந்திருப்பதில்லை. கண்ணாடி போட்ட ஒரு சிறுமி சுவரில் பெயின்ட் அடித்ததற்காக ரகசியப் போலீஸ்காரன் அவளைச் சுட்டுக் கொல்கிறான். அதன்பிறகுதான் அக்கம்பக்கத்தார் வீட்டை விட்டு வெளியே வருகிறார்கள். எனக்கு இந்தப் படத்தில் மிக முக்கியமான இடம் அதுதான்.

அடுத்தது, வியை மாசு மருவற்ற நாயகனாக எடுத்துக்கொள்வது. நாயகன் வந்தான், வில்லனை வீழ்த்தினான் என்ற கணக்கு இங்கே உதவாது. கதையின் நாயகியான ஈவியை அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். அவளைப் பிடித்து அடைத்து, தலையை மழித்து, பட்டினி போட்டு, தண்ணீரில் முக்கி விசாரிப்பது அரசாங்கம் என்றுதான் அவளோடு சேர்ந்து நாமும் நம்புகிறோம். காட்டிக்கொடுப்பதைவிடச் சாவதே மேல் என்று அவள் சொன்ன பிறகு கதவு திறக்கிறது. வெளியே நிற்கும் காவலாளி வெறும் பொம்மை. அத்தனையையும் செய்தவன் வி! லார்க்ஹில்லில் அவனுக்கு நடந்த கொடுமையை, விடுதலை என்ற பெயரில் அவளுக்கு அவனே செய்திருக்கிறான். அவளிடமிருந்து பயம் போய்விட்டது உண்மைதான். அதை வைத்து அவன் செய்ததை நியாயப்படுத்திவிட முடியாது, படமும் அந்த முடிச்சை அவிழ்க்காமலே விட்டுவிடுகிறது. மழையில் கைவிரித்து நிற்கும் ஈவியின் படத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பகிர்கிறவர்கள் அதற்கு முன்னால் வரும் அந்த நாட்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதே இடத்தில் இன்னொரு குழப்பமும் வரும். சிறைச் சுவரின் பொந்தில் ஈவிக்குக் கிடைக்கும் கடிதம் விசாரணை நாடகத்துக்காக வி எழுதியது என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். இல்லை. ஒரு பெண்ணைக் காதலித்த குற்றத்துக்காக லார்க்ஹில்லில் அடைக்கப்பட்ட நடிகை வாலரி, டாய்லெட் பேப்பரில் சிறு பென்சிலால் எழுதி, பக்கத்து அறையில் இருந்த விக்குக் கொடுத்த கடிதம் அது. அந்தக் கதையில் வரும் ரோஜாவைத்தான் அவன் பழிதீர்க்கும் ஒவ்வொருவருக்கும் விட்டுச்செல்கிறான். இது புரியாவிட்டால் அவனுடைய கோபம் எங்கிருந்து வருகிறது என்பதே புரியாது.

முடிவுக் காட்சியில் எல்லோரும் பார்லிமென்டைப் பார்க்கிறார்கள், அதற்கு முன்னால் ராணுவத்தைப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் முகமூடியோடு நடந்து வருகிறார்கள், சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டி நிற்கிறார்கள். உத்தரவு கொடுக்க வேண்டிய சட்லரும் ரகசியப் போலீஸ் தலைவன் கிரீடியும் அதற்குள் செத்துவிட்டார்கள். மேலிடத்திலிருந்து பதில் வராததால் தளபதி துப்பாக்கியை இறக்கச் சொல்கிறார். அப்புறம் மக்கள் முகமூடியைக் கழற்றுகிறார்கள். கூட்டத்தில் வாலரியும், சுடப்பட்ட சிறுமியும், ஈவியின் பெற்றோரும் நிற்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. பார்லிமென்டைத் தகர்க்கப்போகும் வெடிமருந்து ரயிலைக் கிளப்பும் முடிவையும் வி தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை, ஈவியிடம் விட்டுவிட்டுச் செத்துப்போகிறான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். அந்த முகமூடியில் இருப்பது கை ஃபாக்ஸ் என்பவரின் முகம். அவரைச் சுதந்திரப் போராட்ட வீரன் என்று எழுதாதீர்கள். ராபர்ட் கேட்ஸ்பி தலைமையிலான 13 பேர் கொண்ட கத்தோலிக்கச் சதிக் குழுவில் அவர் ஒருவர். 1605 நவம்பர் 4 நள்ளிரவை ஒட்டி, பார்லிமென்டின் பிரபுக்கள் சபைக்குக் கீழே 36 பீப்பாய் வெடிமருந்தோடு பிடிபட்டார். மன்னர் முதலாம் ஜேம்ஸைக் கொன்றுவிட்டு, அவருடைய 9 வயது மகள் எலிசபெத்தை அரியணையில் ஏற்றிக் கத்தோலிக்க ஆட்சி கொண்டுவருவதுதான் திட்டம். அதில் மக்களாட்சிக்கு இடமே இல்லை. இங்கிலாந்தில் நவம்பர் 5 அன்று தீ மூட்டுவதும் வாணவேடிக்கை விடுவதும் மன்னர் பிழைத்ததைக் கொண்டாடத்தான். கொளுத்தப்படுவது ஃபாக்ஸின் உருவ பொம்மை. அவரை எதிர்ப்பின் அடையாளமாக்கியது இந்தக் கதைதான். 2008இல் அனானிமஸ் என்ற ஹேக்கர் குழுவும், 2011இல் பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்த ஆக்குபை போராட்டக்காரர்களும் அணிந்தது ஓவியர் டேவிட் லாய்ட் வரைந்த முகமூடி.

மக்கள் அரசைக் கண்டு அஞ்சக் கூடாது, அரசுதான் மக்களைக் கண்டு அஞ்ச வேண்டும் என்ற வசனத்தை முன்னாள் அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் பெயரில் பகிர்வதையும் நிறுத்தலாம். அது படத்தில் வி சொல்வது. ஜெஃபர்சன் பெயரில் சுற்றும் அதேபோன்ற இன்னொரு வாசகமும் அவருடையது அல்ல.

2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்பைப் பார்த்து எடுத்த படம் என்பதும் தவறு. படப்பிடிப்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

கடைசியாக, படத்தையும் மூலக் கதையையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ஆலன் மூர் எழுதி லாய்ட் வரைந்த காமிக்ஸ் 1982இல் பிரிட்டனின் 'வாரியர்' இதழில் தொடங்கி, அந்த இதழ் நின்றுபோனதால் பாதியில் நின்று, 1989இல்தான் முடிந்தது. பிரதமர் தாட்சர் காலத்துப் பிரிட்டனின் பயங்களிலிருந்து பிறந்தது அது. அங்கே பேரழிவு அணுப்போரால் வருகிறது, பார்லிமென்ட் முதல் அத்தியாயத்திலேயே தகர்கிறது. முக்கியமாக, அங்கே வி ஓர் அராஜகவாதி. அரசே வேண்டாம் என்ற கொள்கைக்கும் பாசிசத்துக்கும் நடக்கும் மோதல்தான் அந்தப் புத்தகம். படத்தில் அந்தக் கொள்கை மங்கி, கெட்ட அரசுக்கு எதிராக மக்கள் எழுவதாக மாறிவிட்டது. மூர் தன் பெயரையே படத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார், டைட்டிலில் லாய்டின் பெயர் மட்டும்தான் இருக்கும். படம் பிடித்திருந்தால் புத்தகத்தையும் படியுங்கள். அதில் விக்குப் பிறகு ஈவியே முகமூடியை எடுத்து அணிந்துகொள்கிறாள். படம் ஏன் அதை மாற்றி ஊருக்கே முகமூடியைக் கொடுத்தது என்பது இரண்டையும் பார்த்தவர்கள் உட்கார்ந்து விவாதிக்க வேண்டிய விஷயம்.