பெரிய கட்டுமானத் திட்டத்துக்கு எந்த மென்பொருள்? வாங்குமுன் செய்து பார்க்க வேண்டியவை

திருகோணமலையில், சீனக்குடாவில் ஒரு எண்ணெய்க் குதத்தைத் திருத்துவதாக இருக்கட்டும், சம்பூர்ப் பக்கம் மின் வேலையாக இருக்கட்டும், வேலைத்திட்ட அட்டவணை (ஷெட்யூல்) போடும் மென்பொருளின் தெரிவு விலைப்பட்டியலில் இருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறது. விலையைக் கடைசியில் பாருங்கள். ஆக்டிவிட்டி (அட்டவணையில் உள்ள தனி வேலை), பேஸ்லைன் (பின்னர் ஒப்பிடச் சேமித்து வைக்கும் அட்டவணை), ஃப்ளோட் (முடிவுத் திகதியைப் பாதிக்காமல் ஒரு வேலை தாமதிக்கக்கூடிய அவகாசம்) என்றால் என்னவென்று தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

படி 1: ஒப்பந்தத்தைத் திறவுங்கள்

ஃபிடிக் (சர்வதேச ஆலோசனைப் பொறியியலாளர் சம்மேளனம்) வெளியிட்ட மாதிரி ஒப்பந்தமான 1999 சிவப்புப் புத்தகத்தின் 8.3ஆம் பிரிவின்படி, வேலை தொடங்கும் அறிவித்தல் கிடைத்து 28 நாளுக்குள் விரிவான வேலைத்திட்டத்தைக் கொடுக்க வேண்டும். புதிய மென்பொருளை அந்த 28 நாளில் பழக முடியாது. 2017 பதிப்பில் மென்பொருளின் பெயரையே ஒப்பந்த ஆவணம் குறிப்பிடலாம். குறிப்பிடாவிட்டால் பொறியியலாளர் (வேலை கொடுப்பவர் சார்பில் ஒப்பந்தத்தை நிர்வகிப்பவர்) ஏற்றுக்கொள்ளும் ஒன்றாக இருக்க வேண்டும். விவரக்கூற்றில் 'ப்ரைமவேரா பி6' (ஒரக்கிள் நிறுவனத்தின் அட்டவணை மென்பொருள்; இனி பி6) என்று எழுதியிருந்தால் தெரிவு அங்கேயே முடிந்தது; படி 3க்குப் போங்கள்.

படி 2: எத்தனை பேர் ஒரே நேரத்தில் தொடப் போகிறார்கள்?

ஒரு பிளானர், சில நூறு ஆக்டிவிட்டி என்றால் மைக்ரோசொஃப்ட் ப்ரொஜெக்ட் (இனி ப்ரொஜெக்ட்) போதும். சிவில், மெக்கானிக்கல், மின் என்று மூன்று பேர் ஒரே ஷெட்யூலில் வேலை செய்ய வேண்டும், ஆக்டிவிட்டிகள் ஆயிரக்கணக்கில் போகும் என்றால் பி6தான். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ப்ரொஜெக்ட் பைல் ஒன்றில் மொத்தம் 11 பேஸ்லைன்தான் சேமிக்கலாம். மூன்று வருட வேலையில் மாதாமாதம் ஒன்று வைத்தால் முதல் வருடமே முடியுமுன் இடம் தீர்ந்துவிடும். ப்ரொஜெக்ட்லிப்ரே என்ற மென்பொருள் இலவசம், பழகுவதற்கு நல்லது. ஆனால் பொறியியலாளருக்குச் சமர்ப்பிக்க அதை நம்ப வேண்டாம்.

படி 3: கலண்டர் சோதனை

டெமோ காட்ட வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தொடமாட்டார்கள். சோதனைப் பிரதியை வாங்கி நீங்களே செய்து பாருங்கள்.

எங்கள் பக்கத்து சைட்களில் காலை 7 முதல் மாலை 6 வரை, மதிய இடைவேளை போக 10 மணிநேரம், வாரத்தில் 6 நாள் வேலை என்பது வழமை. மென்பொருளோ 8 மணிநேர நாளோடு வருகிறது. கலண்டரில் வேலை நேரத்தை 10 ஆக்கிவிட்டால் சரி என்று தோன்றும். சரியில்லை. பி6, ப்ரொஜெக்ட் இரண்டுமே கால அளவை உள்ளே நாளாக வைத்திருப்பதில்லை; நீங்கள் தட்டும் நாளை வேலை நேரமாக (மணி அல்லது நிமிடக் கணக்காக) மாற்றித்தான் சேமிக்கின்றன. அப்படி மாற்றும் எண் கலண்டரில் இல்லை, தனியே வேறோர் இடத்தில் இருக்கிறது.

குதத்தின் சுவர்த்தகடு வெல்டிங்குக்கு 20 நாள் என்று தட்டுகிறீர்கள். மாற்று எண் 8 ஆகவே இருந்தால் 160 மணிநேரம் சேமிக்கப்படும். கலண்டர் நாளுக்கு 10 மணிநேரம் ஓடுவதால் வேலை 16 நாளில் முடிந்ததாகத் திகதி காட்டும். திரையில் கால அளவு 20 நாள் என்றே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. கிரிட்டிக்கல் பாதை (முடிவுத் திகதியைத் தீர்மானிக்கும் வேலைகளின் தொடர்) முழுவதும் இப்படியென்றால் மொத்தக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. அந்தப் பேஸ்லைனைச் சமர்ப்பித்த பிறகு காலநீடிப்புக் கேட்கப் போனால் உங்கள் அட்டவணையே உங்களுக்கு எதிராக நிற்கும்.

பி6இல் அட்மின் ப்ரிஃபரன்சஸ் போய், டைம் பீரியட்ஸ் பகுதியில் ஒவ்வொரு ஆக்டிவிட்டியின் கலண்டரில் இருந்தே மணிநேரத்தை எடுக்கச் சொல்லும் பெட்டியில் குறியிடுங்கள். பிறகு ஒவ்வொரு கலண்டருக்குள்ளும் டைம் பீரியட்ஸைத் திறந்து நாளுக்கு 10, வாரத்துக்கு 60 என்று கொடுங்கள். ப்ரொஜெக்டில் ஒப்ஷன்ஸ், ஷெட்யூல் பகுதியில் அதே எண்கள். முதல் கால அளவைத் தட்டுமுன் இதைச் செய்ய வேண்டும். பிறகு மாற்றினால் சேமித்த மணிநேரம் அப்படியே இருக்கும், காட்டும் நாள் மட்டும் மாறும்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதில்தான். ப்ரொஜெக்டில் பைல் முழுவதற்கும் ஒரே எண். பி6இல் கலண்டருக்கு ஒன்று. கொங்கிரீட் க்யூரிங் (ஈரம் காத்து இறுகவிடுதல்) 24 மணிநேரக் கலண்டரில் ஓடும்: 7 நாள் என்றால் 168 மணிநேரம். 10 மணிநேர எண்ணோடு ப்ரொஜெக்ட் அதை 16.8 நாளாகக் காட்டும். அங்கே 'இலாப்ஸ்ட் டேய்ஸ்' (கலண்டரைப் பாராமல் 24 மணிநேரத்தை ஒரு நாளாக எண்ணும்) வகையில் கால அளவைக் கொடுத்துத் தப்பலாம்.

சோதனைக்குக் குறைந்தது மூன்று கலண்டர் போடுங்கள்: பொது, க்யூரிங், பிளாஸ்டிங் (துகள்களை வீசித் தகட்டைத் துப்புரவாக்குதல்) மற்றும் பெயின்ட். மூன்றாவது திருகோணமலையில் கட்டாயம். ஈரப்பதம் 85 வீதத்தைத் தாண்டினாலோ, தகட்டின் வெப்பநிலை பனிபடுநிலையை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை) விட 3 பாகை செல்சியஸாவது கூடுதலாக இல்லாவிட்டாலோ பெயின்ட் அடிக்கக் கூடாது. மழை உச்சத்தில் இருக்கும் நவம்பர், டிசம்பரில் பெயின்ட் அடிக்கக்கூடிய நாள்கள் குறைவு. போயா (பௌர்ணமி) விடுமுறை ஆண்டுக்கு 12 அல்லது 13 வரும். திகதி மாறுவதால் ஒவ்வொரு வருடத்துக்கும் கையால் பதிய வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் விடுமுறை மட்டும் போட்டால் பத்தாது. ஊருக்குப் போன ஆட்கள் திரும்ப ஒரு கிழமையாவது ஆகும்.

படி 4: பைல் போய் வருகிறதா?

கொழும்பில் இருக்கும் ஆலோசகருக்கு ஒரு பைலை அனுப்பித் திருப்பி எடுத்துப் பாருங்கள். பி6 ஏற்றுமதி செய்யும் எக்ஸ்.இ.ஆர் வகைப் பைலை ப்ரொஜெக்ட் நேரே திறக்காது. பி6இலும் புதிய பதிப்பின் எக்ஸ்.இ.ஆரைப் பழைய பதிப்பு ஏற்காது. ஏற்றுமதி செய்யும்போது அவர்களின் பதிப்பைத் தெரிவு செய்ய வேண்டும். எக்ஸ்.இ.ஆரில் பேஸ்லைன் போகாது. அதற்கு எக்ஸ்.எம்.எல். பைலைத் திறந்ததும் இருவரும் எஃப்9 அழுத்தி அட்டவணையை மறுபடி கணக்கிட்டு முடிவுத் திகதியை ஒப்பிடுங்கள். வேறுபட்டால் முதலில் 'ரிட்டெயின்ட் லொஜிக்' (வரிசை மாறித் தொடங்கிய வேலையின் மீதிக்கும் பழைய தொடர்பைக் காப்பது), 'ப்ரொக்ரஸ் ஓவர்ரைட்' (அந்தத் தொடர்பை விட்டுவிடுவது) இரண்டில் எது தெரிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

படி 5: சைட்டில் இருந்து திறந்து பாருங்கள்

டேட்டாபேஸ் கொழும்பில், பிளானர் மூதூரில், நடுவில் வி.பி.என் (இணையம் வழியான தனி இணைப்பு): இந்த அமைப்பில் பி6 தவழும். ஒவ்வொரு சொடுக்குக்கும் டேட்டாபேஸிடம் பலமுறை போய் வருவதுதான் காரணம். சேர்வர் இருக்கும் இடத்திலேயே பி6ஐ ஓடவிட்டு, சைட்டில் இருந்து ரிமோட் டெஸ்க்டொப்பில் பாருங்கள். தனி ஆளென்றால் சொந்தக் கணினியிலேயே இருக்கும் எஸ்.கியூ.லைட் டேட்டாபேஸ் போதும், சேர்வரே தேவையில்லை.

வரைபடத் திருத்தங்களை இவை எதிலும் வைக்க முயலாதீர்கள். அதற்கு அகொனெக்ஸ் போன்ற ஆவண நிர்வாக மென்பொருள்கள் தனி.

பிற்சேர்க்கை: ஆக்டிவிட்டிப் பெயரைத் தமிழில் எழுதினால் எக்ஸ்.இ.ஆர் வழியே போகும்போது கேள்விக்குறிகளாக மாறிவிடலாம். மேசன்மார், வெல்டர்மாருக்குக் கொடுக்கும் மூன்று கிழமைத் திட்டத்தை எக்செலுக்கு எடுத்து, ஆக்டிவிட்டி இலக்கத்தை வைத்துத் தமிழ்ப் பெயரைப் பக்கத்து நிரலில் சேருங்கள்.