வாங்கிய விலையோடு முடியாத கணக்கு: வீட்டு ஏசியிலும் ஹீட்டரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டைக் குளிர்விக்கவோ வெப்பமூட்டவோ ஒரு சாதனம் வாங்கும்போது நாம் செலுத்தும் விலை, அதற்காக நாம் செய்யப்போகும் செலவின் முதல் தவணை மட்டுமே. ஒரு ஏசி பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் வரையிலும், எரிவாயுவில் இயங்கும் ஹீட்டர் 15 முதல் 20 ஆண்டுகள் வரையிலும் உழைக்கும். அத்தனை ஆண்டுகளுக்குமான மின்கட்டணம், எரிபொருள், சர்வீஸ், பழுது, கடைசியில் கழற்றி அகற்றும் கூலி எல்லாவற்றையும் கூட்டினால், நாள்தோறும் பல மணி நேரம் ஓடும் சாதனத்தில் வாங்கிய விலை பெரும்பாலும் சிறு பங்காகவே தெரியும். இந்தச் செலவில் பெரும்பகுதி, சாதனத்தை முதன்முதலாக இயக்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பதுதான் என்னை மிகவும் உறுத்தும் செய்தி. எத்தனை டன் என்று தேர்ந்தெடுத்தோம், எந்த இடத்தில் மாட்டினோம், பொருத்தியவர் எவ்வளவு பொறுமையோடு வேலை செய்தார் என்பவற்றில் நேர்ந்த பிழையைப் பின்னாளில் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சரிசெய்ய முடியாது.

முதல் தவறு, கணக்குப் போடாமல் வாங்குவது. டன் என்பது சாதனத்தின் எடை அன்று. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உள்வாங்குமோ, அந்த வேகத்தில் அறையிலிருந்து வெப்பத்தை அகற்றும் திறனே ஒரு டன். இன்றைய அளவில் அது ஏறத்தாழ 3.5 கிலோவாட். ஆகவே ஒன்றரை டன் ஏசி முழுத் திறனில் ஓடும்போது சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஒரு பங்கு மின்சாரத்துக்கு 3 பங்கு வெப்பத்தை அகற்றும் சாதனம் இதற்கு ஏறக்குறைய 1.76 கிலோவாட் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். 4 பங்கு அகற்றும் சாதனத்துக்கு 1.32 கிலோவாட் போதும். முழுத் திறனில் ஆண்டுக்கு 1,500 மணி நேரம் ஓடுவதற்குச் சமமான பயன்பாடு இருந்தால், இரண்டுக்கும் இடையே ஆண்டுக்கு ஏறத்தாழ 660 யூனிட், 12 ஆண்டுகளில் கிட்டத்தட்ட 7,900 யூனிட் வேறுபாடு வரும். அதைத் தம்முடைய மின்கட்டண விகிதத்தால் பெருக்கிப் பார்த்தால், விலை கூடிய சாதனம் உண்மையில் விலை கூடியதுதானா என்பது விளங்கிவிடும்.

இதே கணக்கு எதிர்த்திசையிலும் பேசும். விருந்தினர் வரும்போது மட்டும் திறக்கப்படும் அறையில் ஆண்டுக்கு 200 மணி நேரம்தான் ஏசி ஓடுகிறது என்றால், அந்த வேறுபாடு ஆண்டுக்கு 88 யூனிட்டாகச் சுருங்கிவிடும். அங்கே மிக உயர்ந்த திறனுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது பெரும்பாலும் வீண். அதிக ஸ்டார் உள்ளதையே எங்கும் வாங்க வேண்டும் என்ற பொது அறிவுரையை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்: ஓடும் மணி நேரத்தைச் சொல்லாமல் திறனைப் பற்றி மட்டும் பேசுவது பாதிக் கணக்கு.

அடுத்தது, 'கொஞ்சம் பெரியதாகவே இருக்கட்டும்' என்று தேவைக்கு மேற்பட்ட திறன் வாங்குவது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இந்தத் தவறு பல வகையில் செலவு வைக்கிறது. ஏசி அறையைக் குளிர்விப்பதோடு காற்றிலுள்ள ஈரத்தையும் எடுக்க வேண்டும். உள் யூனிட்டில் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான 'காயில்' போதிய குளிர்ச்சி அடைந்து, அதன்மேல் படியும் நீர் திரண்டு வடிகுழாய் வழியே வெளியேறுவதற்குச் சற்று நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். அளவுக்கு மீறிய சாதனம் சில நிமிடங்களிலேயே வெப்பநிலையை எட்டி நின்றுவிடும். காயிலில் தங்கிய நீரில் ஒரு பகுதி மீண்டும் அறைக்காற்றிலேயே கலந்துவிடும். வெப்பமானி 24 என்று காட்டினாலும் உடம்பு கசகசக்கும், நாம் 22-க்கு இறக்குவோம், செலவு ஏறும். அடிக்கடி நின்று ஓடுவதால் கம்ப்ரஸரும் விரைவில் தேயும். கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் வகை ஏசி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமே என்று கேட்கலாம். குறைத்துக்கொள்ளும்தான், ஆனால் அதற்கும் ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு, அறையின் தேவை அதற்கும் கீழே இருந்தால் அதுவும் நின்று நின்றுதான் ஓடும்.

சரியான அளவைத் தரையின் பரப்பளவு ஒன்றை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. சன்னல்கள் எந்தத் திசையில் உள்ளன, மேலே வெயில் படும் கூரை இருக்கிறதா அல்லது இன்னொரு மாடி இருக்கிறதா, எத்தனை பேர் இருப்பார்கள், சுவர் எதனால் ஆனது, கதவிடுக்கில் எவ்வளவு காற்று கசிகிறது ஆகியவற்றைக் கேட்டு வெப்பச்சுமையைக் கணக்கிடுபவரிடமே அந்தப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். அறையை எட்டிக்கூடப் பார்க்காமல் டன் சொல்பவரின் மதிப்பீட்டை நம்பிப் பணம் கட்டுவது நல்லதல்ல.

வீட்டைச் சரிசெய்யாமல் சாதனத்தை முதலில் வாங்குவதும் இதனோடு பின்னிய பிழையே. சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் பாயும் வெப்பம், உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏற்பவும், இடையே உள்ள பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு ஏற்பவும் அமைகிறது. மேற்குப் பார்த்த கண்ணாடிச் சன்னலில் மாலை வெயில் நேராக விழும்போது, உள்ளே திரை போட்டிருந்தாலும் வெப்பம் கண்ணாடியைத் தாண்டி ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. அதே சன்னலுக்கு வெளியே நிழல் அமைத்தால் அந்த வெப்பத்தில் பெரும்பகுதி உள்ளே வருவதே இல்லை. கூரைக்கு வெப்பக்காப்பு, இடுக்குகளுக்கு அடைப்பு, சன்னலுக்கு வெளிநிழல் என்று இவற்றை முடித்துவிட்டு அளவு கணக்கிட்டால் சிறிய சாதனமே போதுமானதாகலாம். முதலில் ஏசியை வாங்கிவிட்டுப் பிறகு வீட்டைச் செப்பனிட்டால், மின்சாரம் மிச்சமாகும் என்றாலும், மேலே சொன்ன அளவு மீறிய சாதனத்தை நம் கையாலேயே உண்டாக்கிக்கொள்கிறோம். காற்றுக்குழாய்கள் வழியே வீடு முழுவதும் காற்றை அனுப்பும் அமைப்புகளில் குழாய்களைச் சோதிப்பதும் இதே கட்டத்தில் நடக்க வேண்டும். ஓட்டைகளாலும் தளர்ந்த இணைப்புகளாலும் அனுப்பும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு வரை வழியிலேயே இழக்கும் வீடுகள் உண்டு.

இனி, பொருத்தும் வேலை. எனக்குத் தெரிந்தவரை நீண்டகாலச் செலவை மிகவும் பாதிப்பதும், வாங்குபவர் மிகக் குறைவாகக் கவனிப்பதும் இதுவே. எங்கள் வீட்டு ஏசிக்கு மூன்று கோடைகள் தொடர்ந்து 'கேஸ்' நிரப்பினோம். ஒவ்வொரு முறையும் வந்தவர், பழைய கேஸ் தீர்ந்துவிட்டது என்றார். நாங்களும் அதை எரிபொருள்போல் எண்ணிப் பணம் கொடுத்தோம். நான்காம் ஆண்டு வந்த மெக்கானிக் சிலிண்டரைத் திறக்கவே இல்லை. அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, செம்புக் குழாய் இணையும் ஃபிளேர் நட்டின் மேல் சோப்பு நுரையைத் தூரிகையால் தடவிவிட்டுக் காத்திருந்தார். சிறிது நேரத்தில் கடுகளவில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது, பிறகு இன்னொன்று. நட்டைக் கழற்றிக் காட்டியபோது, விரித்த குழாயின் விளிம்பில் மயிரிழை போன்ற ஒரு பிளவு இருந்தது. முதல் நாளிலேயே ஒழுங்காக விரிக்கப்படாத விளிம்பு அது. அந்த முனையை வெட்டிப் புதிதாக விரித்துப் பொருத்திய பின் கேஸ் குறையவே இல்லை.

குளிர்பதன வாயு எரிந்தோ கரைந்தோ தீர்வதில்லை. மூடிய சுற்றுக்குள் ஆவியாகித் திரவமாகி மீண்டும் ஆவியாகிச் சுழன்றுகொண்டே இருப்பது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவைத் தேடாமல் நிரப்புவது பணத்தை மட்டுமல்ல, சாதனத்தின் ஆயுளையும் கரைக்கிறது: வாயு குறைந்த நிலையில் ஏசி அதே குளிர்ச்சிக்காக நெடுநேரம் ஓடுகிறது, கம்ப்ரஸரும் அளவுக்கு மீறிச் சூடாகிறது. ஆகவே கேஸ் நிரப்ப வருபவரிடம், கசிவு எங்கே என்று கண்டுபிடித்தீர்களா என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

புதிதாகப் பொருத்தும் நாளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று வேக்யூம். குழாய்களை இணைத்த பிறகு, வேக்யூம் பம்ப்பை மாட்டி உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். உள்ளே எஞ்சிய அழுத்தத்தைக் காட்டும் அளவுமானி 500 மைக்ரானுக்கு (இங்கே அது மிகக் குறைந்த அழுத்தத்தின் அலகு) கீழே இறங்கி, பம்ப்பை நிறுத்திய பின்பும் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வாயுவைத் திறந்துவிட வேண்டும். அவசரத்தில் சிலர் பம்ப்பே இல்லாமல், சிறிது வாயுவைத் திறந்து அதன் அழுத்தத்தால் காற்றை வெளியே தள்ளிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். ஈரம் அப்படிப் போவதில்லை. இன்றைய பல கம்ப்ரஸர்களில் உள்ள எண்ணெய் ஈரத்தை ஆவலோடு உறிஞ்சி, நாளடைவில் அமிலமாகச் சிதைந்து, மோட்டார் சுருளின் காப்பை அரிக்கத் தொடங்கும். ஐந்தாறு ஆண்டுகள் கழித்துக் கம்ப்ரஸர் போகும்போது யாரும் பொருத்திய நாளை நினைத்துப் பார்ப்பதில்லை.

அவுட்டோர் யூனிட் வைக்கும் இடமும் மின்கட்டணத்தில் எதிரொலிக்கும். நான்கு புறமும் அடைத்த குறுகிய இடத்தில் வைத்தால், அது வெளியே தள்ளிய சூடான காற்றையே திரும்ப இழுத்துக்கொள்ளும். மெக்கானிக் பாதுகாப்பாக நின்று வேலை செய்ய முடியாத உயரத்தில் மாட்டினால், சர்வீஸ் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

சர்வீஸைப் பொறுத்தவரை ஃபில்டரைக் கழுவுவதையே மக்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி தெளிவாக ஊடுருவ வேண்டும். தூசி படலமாகத் தெரிந்தால் காற்றோட்டம் தடைப்பட்டு, காயிலில் பனிகூடப் பிடிக்கலாம். மறுபுறம், அக்கறையோடு செய்யும் ஒரு தீங்கும் உண்டு: அவுட்டோர் யூனிட்டின் மெல்லிய அலுமினியத் தகடுகளில் அதிக அழுத்தத்தோடு நீரைப் பீய்ச்சினால் அவை மடங்கிக் காற்று வழியை அடைத்துவிடும். மிதமான அழுத்தத்தில், தகடுகளின் போக்கிலேயே கழுவ வேண்டும்.

வெப்பமூட்டும் பக்கம் ஏமாற்றும் சொல் ஒன்று உண்டு: 'நூறு விழுக்காடு திறன்'. கம்பிச் சுருள் ஹீட்டர் எதுவாயினும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பமே தரும். அதுதான் அந்த நூறு. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உள்ளே இறைக்கும் ஹீட் பம்ப், மிதமான குளிரில் ஒரு யூனிட்டுக்கு மூன்று, சில வேளை நான்கு யூனிட் வெப்பம் தரும். குளிர் கடுமையாகும்போது இந்த அளவு குறையும். ஆனால் பல ஹீட் பம்ப்களில் துணைக்காகக் கம்பிச் சுருளும் இருக்கிறது. இரவில் வெப்பநிலையை மிகவும் இறக்கிவிட்டுக் காலையில் ஒரேயடியாக ஏற்றினால், தெர்மோஸ்டாட் அந்தத் துணைச் சுருளை இயக்கிவிடும். இரவெல்லாம் மிச்சம் பிடித்ததைக் காலையில் ஒரு மணி நேரத்தில் இழக்கவும் கூடும். ஹீட் பம்ப் உள்ள வீட்டில் வெப்பநிலையைச் சிறிது சிறிதாக மாற்றுவதே சிக்கனம்.

நீரைச் சூடாக்கி வீட்டுக் குழாய்களில் சுற்றவிடும் எரிவாயுக் கொதிகலனில், புகையின் ஈரத்தைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் மீட்கும் வகையை அதிக விலை கொடுத்து வாங்குபவர்கள், நீரின் வெப்பநிலையை உச்சத்தில் வைத்துவிடுவதைப் பார்க்கிறோம். திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் அந்த ஈரம் நீராகத் திரளும்; இல்லையென்றால் கொடுத்த கூடுதல் விலைக்குப் பலன் இல்லை. எரிபொருளை எரிக்கும் எந்தச் சாதனத்துக்கும் ஆண்டுச் சோதனையைத் தள்ளிப்போடுவதை மட்டும் சிக்கனமாகக் கருதவே கூடாது. வெப்பமாற்றியில் விழும் விரிசலோ அடைபட்ட புகைவழியோ மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை வீட்டுக்குள் விடலாம்; அங்கே இழப்பது பணம் அன்று, உயிர்.

அன்றாடப் பயன்பாட்டில், 16 டிகிரியில் வைத்தால் அறை விரைவாகக் குளிரும் என்ற நம்பிக்கை பரவலானது. சாதாரணக் கம்ப்ரஸர் 16-லும் 25-லும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. நிற்கும் புள்ளி மட்டுமே மாறுகிறது. வெளியே 36 டிகிரி இருக்கையில் உள்ளே 24-க்குப் பதில் 26 வைத்தால், சுவர் வழியே வெப்பத்தைத் தள்ளும் வேறுபாடு 12-லிருந்து 10-ஆக, அதாவது ஆறில் ஒரு பங்கு குறைகிறது. மின்விசிறி சுழன்றால் அந்த 26 பெரும்பாலோருக்கு இதமாகவே இருக்கும்.

கடைசியாக, எப்போது மாற்றுவது என்ற கேள்வி. சாதனம் கடுங்கோடையில் நின்றுபோகும்வரை காத்திருப்பவர், அன்று கையிருப்பில் உள்ளதை, அன்று கிடைக்கும் ஆளை வைத்துப் பொருத்த நேர்கிறது. மேலே சொன்ன தவறுகள் எல்லாம் ஒருசேர நடக்கும் நாள் அது. பத்து ஆண்டுகளைத் தாண்டிய சாதனத்தில் கம்ப்ரஸரோ காயிலோ போனால், பழுதுக்கூலியைப் புதிய சாதனத்தின் விலையோடு மட்டும் ஒப்பிடாமல், மின்சாரத்தில் ஆண்டுதோறும் மிச்சமாவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் வாயுவின் பெயரையும் படித்துக்கொள்ள வேண்டும். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் ஆர்-22 என்ற பழைய குளிர்பதன வாயு படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. 2016-இல் கிகாலியில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, புவி வெப்பமாதலுக்குப் பெரிதும் துணைபோகும் வாயுக்களும் குறைக்கப்படுகின்றன. ஏசிகளில் பயன்படும் ஆர்-410ஏ என்ற வாயு, கார்பன் டையாக்சைடைப்போல் 2,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆர்-32 என்ற இன்னொரு வாயு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. விலக்கப்படும் வாயு காலப்போக்கில் அரிதாகும், விலையும் ஏறும் என்பதால், அதை நம்பியுள்ள பழைய சாதனத்துக்குப் பெரும் பழுது பார்ப்பது அரிதாகவே தகும். அவுட்டோர் யூனிட்டை மட்டும் புதிதாக்கி, வேறு வாயுவுக்கும் வேறு அளவுக்கும் செய்யப்பட்ட பழைய உள் யூனிட்டோடு இணைப்பதும் வேண்டாம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியவையாகச் சோதிக்கப்பட்டிருந்தால்தான் அட்டையில் அச்சிட்ட திறன் வீட்டில் கிடைக்கும்.