8 வாட் வால்வு ஆம்ப்புக்கு ஸ்பீக்கர் பொருத்திய கதை

ஒற்றை 300பி வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) ஆம்ப் சுமார் 8 வாட்தான் தரும். என் 86 டெசிபல் (1 வாட்டுக்கு 1 மீட்டரில் வரும் சத்தம்) ஸ்பீக்கரில் தனிக்குரல் இனித்தது; டிரம்ஸ் ஏறினால் பிசிறடித்தது. ஆம்ப்பை விட மனமில்லை, 96 டெசிபல் ஸ்பீக்கருக்கு மாறினேன். 10 டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்குப் பத்தில் ஒரு பங்கு பவர் போதும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: டெசிபல் எண் 2.83 வோல்ட்டில் அளந்தது என்றால், 8 ஓம் ஸ்பீக்கரில் அது 1 வாட், 4 ஓம் ஸ்பீக்கரில் 2 வாட். 3 டெசிபல் கழித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் பேஸ் கொழகொழவென்றிருந்தது. இவ்வகை ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஓமில் அளக்கும் மின் எதிர்ப்பு) அதிகம். அதனால் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஏறி இறங்கும் அலைவரிசைகளில் ஒலியும் கூடிக் குறையும். ஆம்ப்பின் 8 ஓம் முனையிலிருந்த ஸ்பீக்கர் வயரை 4 ஓம் முனைக்கு மாற்றினேன். பவர் கொஞ்சம் குறைந்தது, பேஸ் இறுகியது. சரி, ஸ்பீக்கர்தான் அலமாரி அளவு பெரிது.