மூன்று முறை திரும்பி வந்த அப்கிரேடு ப்ரொபோசல்

திருப்பூரில் ஒரு பின்னலாடை கம்பெனியில் சிஸ்டம் வேலை பார்க்கிறேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் சப்போர்ட் முடிகிறது என்று 46 கம்ப்யூட்டர்களையும் மாற்றச் சொல்லி எம்.டி.யிடம் போனேன். "அப்புறம் பார்க்கலாம்" என்றே மூன்று முறை திரும்பி வந்தது.

பிராசசர், ராம் ஒப்பீடெல்லாம் போட்டு ஸ்லைடுகளைக் கூட்டினேன், இரண்டாவதிலேயே அவர் போனை எடுத்துவிட்டார். கொட்டேஷன் மாற்றி விலையைக் குறைத்தேன், அதுவும் நடக்கவில்லை.

அக்கவுண்ட்ஸ் அண்ணன்தான் "எல்லாத்தையுமே மாத்தணுமா?" என்று கேட்டார். சரி என்று ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து பார்த்தேன். விண்டோஸ் 11 போட முடியுமா என்று சொல்லும் மைக்ரோசாஃப்டின் ஹெல்த் செக் ஆப் 31-ஐத் தகுதியில்லை என்றது, ஆனால் அதில் 17 விண்டோஸ் 11-க்குப் போதுமான எட்டாம் தலைமுறை இன்டெல், பயாஸில் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் செட்டிங்ஸ் பகுதி) விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் அணைந்து கிடந்தது, அவ்வளவுதான். அங்கே டிபிஎம் என்ற பெயரே இல்லை, பிடிடி என்று இன்டெல் வைத்த பெயரில் இருந்தது, அதனால்தான் கண்ணில் படவில்லை. சிலவற்றில் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பகுப்பு முறையில் இருந்ததால் முதலில் ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றிவிட்டு, யுஇஎஃப்ஐ என்ற புதிய வகை பூட் போட வேண்டியிருந்தது.

அப்புறம் ஒரே ஒரு தாள். 14 மட்டும் புதிதாக வாங்கலாம். அல்லது அந்த 14-க்கும் விண்டோஸ் 10-லேயே கட்டண சப்போர்ட், மெஷினுக்கு முதல் வருடம் 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பு. அல்லது அப்படியே விடலாம், விட்டால் ஆபத்தில் இருக்கப்போவது ஈ-வே பில் போடும் டிஸ்பேட்ச் மேஜை என்று இடத்தைக் குறித்தே எழுதினேன். பத்து நிமிடத்தில் முதல் வரிக்கு நேராகக் கையெழுத்து. பெரிய நிம்மதி.

அந்த 17-ம் இப்போது விண்டோஸ் 11-ல் ஓடுகின்றன.