அமெரிக்க அதிபர் தேர்தல்: ஊசலாடும் மாகாணங்களை வைத்து நீங்களே கணக்குப் போடுவது எப்படி

முடிவு வரும் நேரத்தில் நாடு முழுவதும் யாருக்கு எத்தனை கோடி வாக்கு என்ற எண் திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். போட்டி நெருக்கமானது என்றால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். 2016இல் ஹிலாரி கிளிண்டன் ஏறக்குறைய 28.7 லட்சம் வாக்குகள் கூடுதலாக வாங்கியும் தோற்றார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து சுமார் 78,000 வாக்கு குறைந்ததுதான் காரணம். 2020இல் ஜோ பைடன் 70 லட்சம் வாக்கு முன்னிலையில் வென்றார். ஆனால் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் அவருடைய வித்தியாசத்தைக் கூட்டினால் 43,000கூட வராது. அந்த மூன்றும் கைமாறியிருந்தால் தேர்வாளர் வாக்கு (மாகாணவாரியாக ஒதுக்கப்பட்ட, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு) 269–269 என்று நின்றிருக்கும்.

தேவையானவை ஒரு தாள், பென்சில், சென்ற தேர்தலின் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வாரியான முடிவுகள். மூன்றாவதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாக்கு எண்ணும் நேரத்தில் தேடினால் கிடைக்காது.

முதலில் அடித்தளம்

மொத்தம் 538 தேர்வாளர் வாக்குகள், வெற்றிக்கு 270. தொகுதிவாரியாகவும் பிரித்துத் தரும் மெய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா மாகாணங்களிலும் மக்களிடம் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாகாணத்தின் மொத்தத் தேர்வாளர் வாக்கும் போகும். அதனால் கலிபோர்னியாவில் (54) ஜனநாயகக் கட்சி 20 லட்சத்தில் வென்றாலும் 40 லட்சத்தில் வென்றாலும் பலன் ஒன்றுதான்.

2024இல் உறுதியான மாகாணங்களைக் கழித்தபின் கமலா ஹாரிஸ் பக்கம் 226, டொனால்ட் டிரம்ப் பக்கம் 219, நடுவில் 93 இருந்தன. அந்த 93 இப்படிப் பிரிந்தது: பென்சில்வேனியா 19, ஜார்ஜியா 16, வட கரோலினா 16, மிச்சிகன் 15, அரிசோனா 11, விஸ்கான்சின் 10, நெவாடா 6. மாகாணங்களுக்கிடையே இந்த வாக்குகளின் அடுத்த மறுபங்கீடு 2030 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகுதான் என்பதால் 2028க்கும் இதே எண்கள்.

இனி சேர்க்கைகளை எழுதுங்கள். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றும் சேர்ந்தால் 44. 226உடன் கூட்டினால் மிகச்சரியாக 270. மறுபக்கம் பென்சில்வேனியா, ஜார்ஜியா, வட கரோலினா சேர்ந்தால் 51. 219உடன் கூட்டினால் அதுவும் மிகச்சரியாக 270. இரண்டு பாதையிலும் பென்சில்வேனியா இருப்பதால்தான் இரு கட்சிகளும் விளம்பரப் பணத்தை அங்கே கொட்டின. முதல் பாதையின் 226க்குள் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத் தொகுதி தரும் ஒரே ஒரு வாக்கும் அடக்கம். அது விலகினால் 269–269. சமன் வந்தால் நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை அதிபரைத் தேர்ந்தெடுக்கும். அங்கே மாகாணத்துக்கு ஒரு வாக்குதான், கலிபோர்னியாவுக்கும் ஒன்று, வயோமிங்குக்கும் ஒன்று. 26 கிடைத்தவர் அதிபர்.

பட்டியலை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்

ஏழு மாகாணங்கள் என்பது வேதவாக்கு இல்லை. ஒஹாயோவும் புளோரிடாவும் ஒருகாலத்தில் பட்டியலின் தலையில் இருந்தவை. இன்று இரண்டும் குடியரசுக் கட்சியின் கோட்டை. 2024 முடிவைப் பார்த்தால் டிரம்ப் விஸ்கான்சினில் 0.9, மிச்சிகனில் 1.4, பென்சில்வேனியாவில் 1.7, ஜார்ஜியாவில் 2.2 சதவீதப் புள்ளிகளில் வென்றார். அரிசோனாவில் வித்தியாசம் 5.5. ஹாரிஸ் வென்ற நியூ ஹாம்ப்ஷயரிலோ 2.8தான், மினசோட்டாவில் 4.2. பழைய பட்டியலை அப்படியே 2028க்கு நகலெடுத்தால் அரிசோனாவை வைத்துக்கொண்டு நியூ ஹாம்ப்ஷயரை விட்டுவிடுவீர்கள்.

எது தீர்மானிக்கும் மாகாணம் என்று கண்டுபிடிக்க, வென்றவர் அதிக வித்தியாசத்தில் வென்ற மாகாணத்திலிருந்து இறங்குவரிசையில் வாக்குகளைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். எந்த மாகாணத்தில் 270ஐத் தாண்டுகிறதோ அதுதான். 2024இல் 219உடன் அரிசோனா (230), வட கரோலினா (246), நெவாடா (252), ஜார்ஜியா (268) என்று வந்து பென்சில்வேனியாவில் தாண்டியது. 2020இல் அது விஸ்கான்சின். அந்த ஆண்டு நாடு முழுவதும் பைடனின் முன்னிலை 4.5 புள்ளி, விஸ்கான்சினில் 0.6 மட்டுமே. 2024இல் இந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது: டிரம்பின் முன்னிலை நாட்டளவில் 1.5, பென்சில்வேனியாவில் 1.7. ஆக, ‘ஜனநாயகக் கட்சிக்கு நாட்டளவில் நான்கு புள்ளி முன்னிலை வேண்டும்’ என்ற பழைய சூத்திரத்தை நிரந்தர விதியாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

பலர் சறுக்குவது இன்னோரிடத்தில். ஏழு மாகாணத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால் ஏழையும் ஒருவரே வெல்வது அபூர்வம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஏழும் ஏழு தனித்தனி நாணயச் சுண்டல் இல்லை. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றும் 1992 முதல் எல்லா அதிபர் தேர்தலிலும் ஒரே பக்கம்தான் நின்றிருக்கின்றன. கருத்துக்கணிப்பும் ஒரே திசையில்தான் பிசகும்: ஒன்றில் தவறினால் பக்கத்து மாகாணத்திலும் அப்படியே. 2020இல் விஸ்கான்சின் கணிப்புகளின் சராசரி பைடனுக்கு எட்டுப் புள்ளியையொட்டிக் காட்டியது, வந்தது 0.6.

கடிகாரம்

அடுத்த தேர்தல் 2028 நவம்பர் 7, செவ்வாய். தேர்தல் நாளுக்கு முன்பே அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். எனவே கிழக்குக் கடற்கரைக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். 2024இன் நேரங்கள்படி, நமக்குப் புதன் காலை வாக்குப்பதிவு முடிவது இப்படி:

ஜார்ஜியா 5:30
வட கரோலினா 6:00
பென்சில்வேனியா, மிச்சிகனின் பெரும்பகுதி 6:30
விஸ்கான்சின், அரிசோனா, மிச்சிகனின் மிச்சம் 7:30
நெவாடா 8:30

எந்த மூட்டை முதலில் பிரிகிறது

அங்கே வாக்கை எண்ணுவது மாகாணத்தைப் பொறுத்துக் கவுண்டிகளோ நகராட்சிகளோதான். நம் தேர்தல் ஆணையம் போல ஒரே இடத்திலிருந்து எல்லா முடிவையும் அறிவிக்கும் அமைப்பு கிடையாது. எந்த வகை வாக்கை முதலில் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து முன்னிலை ஆடும். வட கரோலினாவில் முன்கூட்டியே போட்ட வாக்குகள் முதலில் வெளிவரும்; அதனால் தொடக்கத்தில் ஜனநாயகக் கட்சி மேலே தெரிந்து பிறகு சரியலாம். பென்சில்வேனியாவில் நேர் எதிர்: தபால் உறைகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் பிரிக்கச் சட்டம் இடம் தரவில்லை, எனவே அவை தாமதமாகும். விஸ்கான்சினிலும் அதே தடை; போதாக்குறைக்கு மில்வாக்கி நகரம் தபால் வாக்கு முழுவதையும் ஒரே மையத்தில் எண்ணி மொத்தமாக வெளியிடும். 2020இல் அப்படி அதிகாலையில் வந்த சுமார் 1.69 லட்சம் வாக்குகளைத்தான் ‘நள்ளிரவு மோசடி’ என்று பரப்பினார்கள். அந்த மூட்டை பின்னிரவில்தான் வரும் என்பது முன்பே தெரிந்த விஷயம். 2024இல் குடியரசுக் கட்சியினரும் முன்கூட்டியே வாக்களித்ததால் இந்த ஆட்டம் குறைந்தது.

அரிசோனாவும் நெவாடாவும் பொறுமையைச் சோதிக்கும். அரிசோனாவில் பலர் தபால் உறையைத் தேர்தல் நாளன்று நேரில் கொண்டுவந்து போடுவார்கள். கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டு எண்ண நாட்கள் ஆகும். நெவாடாவில் தேர்தல் நாள் தபால் முத்திரை இருந்தால் நான்கு நாள் கழித்து வந்த உறையையும் 2024இல் ஏற்றார்கள்.

முன்னிலையை விடுங்கள், நகர்வைப் பாருங்கள்

95 சதவீதத்துக்கு மேல் எண்ணி முடித்த கவுண்டியை எடுங்கள். இப்போதைய வித்தியாசத்தைச் சென்ற தேர்தலோடு ஒப்பிட்டு, எத்தனை புள்ளி எந்தப் பக்கம் நகர்ந்தது என்று குறியுங்கள். நகரம், புறநகர், கிராமம் மூன்றிலும் இரண்டிரண்டு கிடைத்தால் மாகாணத்தின் போக்கு பிடிபடும். பென்சில்வேனியாவில் ஈரி, நார்த்தாம்ப்டன் இரண்டையும் கட்டாயம் வையுங்கள். 2016, 2020, 2024 மூன்றிலும் அவை வென்றவர் பக்கமே நின்றன. ஊசலாடாத மாகாணமும் துப்புக் கொடுக்கும். 2024இல் வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டி முன்னதாகவே எண்ணி முடிந்தது. 2020இல் அங்கே 25 புள்ளியாக இருந்த ஜனநாயகக் கட்சி முன்னிலை 16ஆகச் சுருங்கியிருந்தது. ஒரு கவுண்டியை வைத்து முடிவுகட்டக் கூடாதுதான், ஆனால் நகர்வு எந்தத் திசையில் என்று அது அப்போதே காட்டிவிட்டது.

கடைசிக் கட்டத்துக்கு ஒரு சூத்திரம்: முன்னிலையை எஞ்சிய வாக்கால் வகுத்து, அதில் பாதியை 50 சதவீதத்தோடு கூட்டுங்கள். 40,000 முன்னிலை, ஒரு லட்சம் வாக்கு பாக்கி என்றால், பின்தங்கியவருக்கு அதில் 70 சதவீதத்துக்கு மேல் வேண்டும். பாக்கி பிலடெல்பியாவில் இருந்து, பின்தங்கியவர் ஜனநாயகக் கட்சிக்காரர் என்றால் அது நடக்கும். அந்நகரம் அக்கட்சிக்கு 80 சதவீதத்தையொட்டித் தருவது வழக்கம். வேறெங்கோ என்றால் கதை முடிந்தது. ‘எண்ணியது 90 சதவீதம்’ என்று திரையில் காட்டுவது மதிப்பீடுதான், எஞ்சிய உறைகள் எத்தனை என்று கவுண்டி அறிவிப்பதையே எடுங்கள்.

ஊடகங்கள் ‘வென்றார்’ என்று அறிவிப்பதும் கணிப்பே. 2000இல் புளோரிடாவின் மேற்கு முனையில் வாக்குப்பதிவு முடியும் முன்பே அல் கோர் வென்றதாகச் சொல்லிப் பின்வாங்கினார்கள். அங்கே இறுதி வித்தியாசம் 537. வித்தியாசம் அரை சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் பென்சில்வேனியாவிலும் அரிசோனாவிலும் மறு எண்ணிக்கை தானாக நடக்கும். விஸ்கான்சினில் ஒரு சதவீதத்துக்குள் தோற்றவர் கேட்டு வாங்கலாம். 2020இல் டிரம்ப் தரப்பு 30 லட்சம் டாலர் கட்டி விஸ்கான்சினின் இரண்டு பெரிய கவுண்டிகளை மீண்டும் எண்ண வைத்தது. பைடனின் முன்னிலை 87 வாக்கு கூடியது. சில நூறு வாக்கு வித்தியாசம் என்றால் தாளைப் பத்திரமாக வையுங்கள். பத்தாயிரம் என்றால் அந்த மாகாணத்தை மையால் எழுதிவிடலாம்.