பழைய கணினியில் சாம்பா: விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு பொதுக் கோப்பறை

நாலைந்து விண்டோஸ் கணினிகள் இருக்கிற அலுவலகத்தில் ஒரே கணக்குக் கோப்பு பென் டிரைவில் மேசை மேசையாகச் சுற்றும். மாலையில் எது கடைசிப் பிரதி என்று யாருக்கும் தெரியாது. மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினியில் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளமும் சாம்பா என்ற மென்பொருளும் போட்டால் இந்தத் தொல்லை தீரும்.

விண்டோஸ் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். அதை லினக்ஸ் உள்ளிட்ட யூனிக்ஸ் குடும்பத்துக்குக் கொண்டுவந்தது சாம்பா. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எழுதத் தொடங்கியது. எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்தும் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடிப் பிடித்த பெயர் இது. நடனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கட்டளைகளை ஒலிப்படி தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். முதலில் ரவுட்டரில் சர்வருக்கு, அதாவது அந்தப் பழைய கணினிக்கு, மாறாத ஐபி எண் (வலையமைப்பு முகவரி) ஒன்றை ஒதுக்குங்கள். இங்கே 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம்.

1. நிறுவுதல்

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் சாம்பா

2. குழுவும் கோப்புறையும்

சூடோ ஆட்குரூப் கணக்கு
சூடோ எம்கேடிர் /எஸ்ஆர்வி/கணக்கு
சூடோ சிஹெச்ஜிஆர்பி கணக்கு /எஸ்ஆர்வி/கணக்கு
சூடோ சிஹெச்மாட் 2770 /எஸ்ஆர்வி/கணக்கு

அந்த 2770-இல் முதலில் நிற்கும் 2-ஐ விட்டுவிடாதீர்கள். உள்ளே யார் கோப்பை உருவாக்கினாலும் அது ‘கணக்கு’ குழுவுக்கே உரியதாக இருப்பது அதனால்தான்.

3. பயனர்கள்

சூடோ ஆட்யூசர் மாலா
சூடோ ஆட்யூசர் மாலா கணக்கு
சூடோ எஸ்எம்பிபாஸ்வேர்ட் -ஏ மாலா

மூன்றாவது கட்டளையில் ‘பாஸ்வேர்ட்’ என்பதைப் பி-ஏ-எஸ்-எஸ்-டபிள்யூ-டி என்று சுருக்கித் தட்ட வேண்டும். புதியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். லினக்ஸ் கடவுச்சொல் வேறு, சாம்பா கடவுச்சொல் வேறு. விண்டோஸ் கேட்பது இரண்டாவதை. இன்னொரு பயனரான குமாருக்கும் இதே மூன்று வரிகள்.

4. அமைப்புக் கோப்பு

/இடிசி/சாம்பா/எஸ்எம்பி.கான்ஃப் கோப்பை நானோ என்ற உரைத் திருத்தியில் திறந்து கடைசியில் சேருங்கள்:

[கணக்கு]
பாத் = /எஸ்ஆர்வி/கணக்கு
ரீட் ஒன்லி = நோ
வேலிட் யூசர்ஸ் = @கணக்கு
கிரியேட் மாஸ்க் = 0660
டைரக்டரி மாஸ்க் = 2770

கடைசி இரண்டு வரிகள் இல்லாமல் ஒருமுறை அமைத்துவிட்டு அரை நாளைத் தொலைத்தேன். மாலா சேமித்த கோப்பைக் குமாரால் திறக்க முடிந்தது, திருத்திச் சேமிக்க முடியவில்லை. வைரஸ் தடுப்பு, கேபிள், விண்டோஸ் என்று எல்லாவற்றையும் சந்தேகித்தேன். நாம் எதுவும் எழுதாவிட்டால் சாம்பா புதுக் கோப்புக்கு 0744 என்ற வரம்பை வைக்கிறது. அதில் குழுவினருக்குப் படிக்க மட்டுமே அனுமதி. கோப்புறையைத் தாராளமாகத் திறந்து வைத்தும் பயனில்லை.

சேமித்தபின் டெஸ்ட்பார்ம் என்று தட்டினால் எழுத்துப் பிழைகளைக் காட்டிவிடும். பிறகு:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எம்பிடி

சர்வரில் ஃபயர்வால் இருந்தால் 445ஆம் போர்ட்டை உள்வலையமைப்புக்கு மட்டும் திறந்துவிடுங்கள். இணையத்துக்குத் திறக்கவே கூடாது.

5. விண்டோஸிலிருந்து

விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, \\192.168.1.10\கணக்கு என்று தட்டுங்கள். பெயரும் சாம்பா கடவுச்சொல்லும் கொடுத்தால் கோப்புறை திறக்கும்.

‘கடவுச்சொல் இல்லாமலே விட்டுவிடலாமே’ என்று யாராவது கேட்பார்கள். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகள் அப்படிப்பட்ட விருந்தினர் நுழைவை மறுக்கின்றன, மறுப்பதும் சரிதான். விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்று இணைய மறுத்தால் அதற்காகப் பழைய எஸ்எம்பி 1-ஐ உயிர்ப்பிக்காதீர்கள். 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை நச்சுநிரல் பரவியது அந்த வழியாகத்தான். சாம்பாவின் 4.11 பதிப்பு முதல் எஸ்எம்பி 1 அணைத்தே வருகிறது.

ஒரே கணினியில் மாலா பெயரில் நுழைந்துவிட்டு உடனே குமார் பெயரில் முயன்றால் விண்டோஸ் முரண்டு பிடிக்கும். கட்டளைச் சாளரத்தில் நெட் யூஸ் * /டெலீட் கொடுத்துப் பழைய இணைப்புகளைத் துண்டித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.