பழைய உபுண்டு இயங்குதளம் போட்ட பொதுக் கணனிகளில் இதைப் பாருங்கள்

மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் கணனிக்கூடமோ நூலகமோ நடத்துபவர்களுக்கு. 2020 ஏப்ரலில் வந்த உபுண்டு 20.04 இறுவட்டை வைத்து இணையம் இல்லாமல் நிறுவியிருந்தால், உள்நுழைவுத் திரையைக் காட்டும் ஜிடிஎம் மென்பொருளில் ஒரு பாதுகாப்பு ஓட்டை அப்படியே இருக்கும்.

நிர்வாக உரிமை இல்லாத பயனர் ஒருவர் பயனர் கணக்குகளைக் கவனிக்கும் 'அக்கவுண்ட்ஸ்சேர்விஸ்' என்ற சேவையைத் திணறவைத்துவிட்டு வெளியேறலாம். அந்தச் சேவையிடமிருந்து பதில் வராததால், கணனியில் எவருக்கும் கணக்கே இல்லை என்று ஜிடிஎம் நினைத்து, முதன்முறை அமைக்கும் திரையைத் திறந்துவிடும். அதில் புதிதாக உருவாக்கும் கணக்குக்கு முழு நிர்வாக உரிமை. கடவுச்சொல்லை உடைக்கத் தேவையே இல்லை, அதுதான் பயம்.

திருத்தம் 2020 நவம்பரிலேயே வந்துவிட்டது. டேட்டா குறைவென்றால் ஒரு கணனியில் மட்டும் இறக்குங்கள். மென்பொருள் நிறுவும் 'ஆப்ட்' கட்டளை, நிறுவியதும் இறக்கிய டெப் கோப்புகளை (நிறுவல் பொதிகளை) அழித்துவிடும், 'ஆப்ட்-கெட்' கட்டளை வைத்திருக்கும்; அதனால் 'ஆப்ட்-கெட்'டையே பாவியுங்கள். ஜிடிஎம்3, அக்கவுண்ட்ஸ்சேர்விஸ் பொதிகளையும் அவை கேட்கும் துணைப் பொதிகளையும் பென்டிரைவில் எடுத்து, அதே பதிப்புள்ள மற்றக் கணனிகளில் நிறுவலாம். பிறகு கணனியைக் கட்டாயம் மீள இயக்குங்கள். இல்லாவிட்டால் பழைய ஜிடிஎம்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

பலர் விடுவது இதைத்தான்: திருத்தம் போட்டாலும் முன்பே உருவான கணக்கு போகாது. நிர்வாக உரிமை உள்ளவர்களின் 'சூடோ' குழுவில் யார் யார் என்று பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் முதலில் அந்தக் கணக்கைப் பூட்டுங்கள். நிர்வாக உரிமையோடு வேறென்ன மாற்றினார்கள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதபடியால், தேவையான கோப்புகளை எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே நல்லது.